நாலு கட்டக் கையெழுத்து

18-9-2025, வியாழன், காலை 9.40. வந்தவர்கள் 34.

ரெண்டு நாள் பணிப் பாதுகாப்புப் பயிற்சிக்குக் கூப்பிட்டது 40. செவிலியர் 9, கொசு ஒழிப்பு 8, தூய்மைப் பணியாளர் 17. மீதி ஆறு பேர் எங்கே என்று யாருக்கும் தெரியலை, கவலையும் இல்லை.

வெயில் இப்பவே சுள்ளுனு. சமுதாயக்கூடத்தில் ஃபேன் ஆறு, ஓடுவது மூணு. புரொஜெக்டர் ஒயர் எட்டலை. வாட்ச்மேன் வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரவல். ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி மலையிலிருந்து அனல். மூடினால் வேர்வை நாத்தம்.

வருகைத் தாளில் ஆளுக்கு நாலு கட்டம். இன்று மு.ப., பி.ப., நாளை மு.ப., பி.ப. ஹெல்த் இன்ஸ்பெக்டர் சார் டீ வர்றதுக்குள்ள நாலிலும் கையெழுத்து வாங்கி முடிச்சிட்டார். நாளைக்கு உள்ளதை நாளைக்கு வாங்கலாமே என்றேன்.

"தம்பி, சாப்பாடு முடிஞ்சா பாதிப் பேரு பஸ் ஏறிடுவாங்க. அப்புறம் நீ வீடு வீடா போய் வாங்குவியா?"

எல்லா டிரெய்னிங்கிலும் இப்படித்தானாம். சரி. எனக்கு வேலை மிச்சம்.

மாலை. மீதி.

தூய்மைப் பணியாளர் பதினேழு பேரும் கடைசி வரிசை. முன்னால் பதினோரு நாற்காலி காலி. மூணு தடவை கூப்பிட்டேன். எழுந்திருக்கிற மாதிரி அசைஞ்சாங்க, அங்கேயே உக்காந்துட்டாங்க. நாலாவது தடவை சத்தமாவே சொன்னேன். அப்பவும் வரலை. செவிலியர் ஒருத்தர் புடவைத் தலைப்பால் வாயை மூடிச் சிரிச்சார். எதுக்குச் சிரிச்சார் என்று இப்ப வரைக்கும் புரியலை.

பாடம் 1 சத்தம், 2 வெப்பம், 3 சுமை தூக்குவது. மூணும் இன்று. ரசாயனம், கூர்பொருள், பதிவேடு மூணும் நாளை. இந்த வரிசை ஒரு மாசம் உக்காந்து நான் போட்டது. ஒண்ணு புரிஞ்சாத்தான் அடுத்தது புரியும்.

12.40க்கு டெசிபல் சொல்லிக்கிட்டிருக்கேன். கொசு மருந்து அடிக்கிற மெஷின் சத்தம் எவ்வளவு, காதுக்கு என்ன ஆகும் என்று. பின்னாலேருந்து ஒரு அம்மா கை தூக்குது. பேர் அஞ்சலை. ஒப்பந்தக்காரரிடம் வேலை. அமாவாசைக்கு ஸ்பெஷல் பஸ் நிக்கிற திடலில் தகரக் கழிவறை போடுவாங்களே, அதைக் கழுவுறவர்.

"சார், ஆசிட்டோட பிளீச்சிங்கையும் சேத்து ஊத்துனா கண்ணு எரியுது சார். நெஞ்செல்லாம் கமறுது. அதுக்கு இன்னா பண்றது?"

அது ரசாயனப் பாடம், நாளைக்கு வரும், நாளைக்குக் கேளுங்க என்றேன். பக்கத்தில் இருந்த மல்லிகா, அதே கழிவறை வேலை, "ஏய், சார் இன்னும் காதுலயே இருக்காரு, நெஞ்சுக்கு நாளைக்குத்தான் வருவாரு" என்றது. பின்வரிசை மொத்தமும் சிரிப்பு. விட்ட இடத்தைப் பிடிக்க அஞ்சு நிமிஷம். வரிசையா போக விடவே மாட்டாங்க.

3.20க்கு ஃபோன். நாளைக்கு எல்லாரும் அமாவாசை ஏற்பாட்டுக்குப் போகணும். புரட்டாசி அமாவாசை, ஞாயிறு வேற. மேல்மலையனூர் கோயிலுக்குப் போற கூட்டம் பாதி செஞ்சி வழியாத்தான் போகும். தண்ணி டேங்க், கழிவறை, முகாம். இரண்டாம் நாள் வகுப்பு ரத்து. வேற தேதி எப்ப என்று, பயிற்சி நடத்துற எங்க நிறுவனத்தில் கேட்டேன். கோ-ஆர்டினேட்டர்: "கையெழுத்துதான் இருக்குதே. முடிஞ்சதா போட்டுடு. இந்த மாசக் கணக்குல வரணும்."

எரிச்சல். அப்புறம் ஒரு சந்தோஷம், ஒரு நாள் லீவு. மறைக்க இங்கே யாரு இருக்கா.

ரூமில் தோசை மாவு புளிச்சுப் போச்சு. கொட்டிட்டேன்.

19-9, வெள்ளி. தொண்டூர், வீடு.

மூட்டம். மழை வர்ற மாதிரி இருந்து வரலை. அம்மா மல்லாட்டை வேக வெச்சது. ரெண்டு கிண்ணம் கடலை காலி.

நைனா கத்திரிக்கு மருந்து அடிக்கக் கிளம்பறார். டின்னுக்குள்ள வெறுங்கை, முழங்கை வரைக்கும், கலக்கறார். கத்தினேன். கையுறை போன மாசம் வாங்கிக் கொடுத்தது பிரிக்காமல் பரண் மேல். "ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கற இல்ல, அது போதும் வுடு" என்றார். நான் படிச்சதுக்கு இந்த வீட்டில் இருக்கிற மரியாதை அவ்வளவுதான்.

மத்தியானம் லேப்டாப். அறிக்கை ஏத்தணும். முடிவுத் தேர்வு மதிப்பெண் இல்லாமல் பக்கம் நகர மாட்டேங்குது. முதல் நாள் காலையில் எடுத்த தேர்வின் மதிப்பெண் இருக்கு. ஆளுக்கு மூணு, நாலு கூட்டிப் போட்டேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி கூட்டினா தெரிஞ்சிடும்னு மாத்தி மாத்தி. 34 பேர், இருபது நிமிஷம். ஃபோட்டோ ஆறு. ஏத்தியாச்சு. "வெற்றிகரமாகப் பதிவேற்றப்பட்டது."

ரெண்டு மணி நேரம் தூங்கினேன்.

21-9, ஞாயிறு. அமாவாசை. செஞ்சி.

ஹாரன், ஹாரன், ஹாரன். காலை ஆறிலிருந்து ஸ்பெஷல் பஸ். படியில் தொங்கற சனம், மஞ்சள் புடவை, கையில வேப்பிலை. பத்தாததுக்குக் கோட்டை பார்க்க வந்த கார்கள். ரோட்டைக் கடக்கப் பத்து நிமிஷம்.

துணி துவைச்சது. பேன்ட் ரெண்டு, சட்டை அஞ்சு. பிரியாணி வாங்கப் போய் வரிசையைப் பார்த்துத் திரும்பிட்டேன். தயிர் சாதம். சாயங்காலம் இடி, ஒரு பாட்டம் மழை, துணி மறுபடி நனைஞ்சது.

வேற ஒண்ணும் இல்லை.

22-9, திங்கள்.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் சார் 8.10க்கு ஃபோன். குரல் சரியில்லை. "நம்ம கிளாஸுக்கு வந்துச்சே அஞ்சலை, ஆசிட்டும் பிளீச்சிங்கும் கலந்து ஊத்திடுச்சாம். முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரில சேத்துருக்குது. நீ ஒரு எட்டு வா."

பஸ்ஸில் நின்னுக்கிட்டே போனேன். மல்லிகா வார்டு வாசலில். கண்ணு ரெண்டும் ரத்தச் சிவப்பு, அதுக்கும் கொஞ்சம் புகை உள்ளே போயிருக்கு. அது சொன்னது:

நேத்து காலை பத்து, பத்தரை. ஒரே நேரத்தில் பன்னெண்டு பஸ். கடைசிக் கழிவறை பார்க்கவே முடியாத நிலைமை. சூப்பர்வைசர் சீக்கிரம் சீக்கிரம்னு நிக்கிறார். ஆசிட் மட்டும் ஊத்தினா கறை போகாது, பிளீச்சிங் மட்டும் போட்டா நாத்தம் போகாது. ரெண்டும் சேர்ந்தா டபுள் பவர் என்பது இவங்க கணக்கு. வழக்கமா கதவைத் திறந்து வெச்சு, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு ஊத்துவாங்களாம். நேத்து வெளியில் வரிசை நின்னுச்சு. சனங்க எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கிறாங்கன்னு அஞ்சலை கதவைச் சாத்திக்கிச்சு. கூச்சம். சாத்திக்கிட்டு, குனிஞ்சு தேய்ச்சிருக்கு. அஞ்சு நிமிஷம் இருக்கும். அப்புறம் கதவைத் தள்ளிக்கிட்டு வெளியில விழுந்துச்சாம்.

சூப்பர்வைசர் வெல்லம் வாங்கிக் கொடுத்தார். வெல்லம் தின்னா புகை எறங்கிடுமாம். ஒரு கோலி சோடா. புங்க மரத்தடியில் அரை மணி நேரம். இருமல் அடங்கிச்சு. எழுந்து போய் மறுபடி நாலு கழிவறை கழுவிச்சு. சாயங்காலம் மழையில் நடந்தே வீடு. விடியக்காலம் மூச்சு முட்டி, உதடு நீலமாகி, 108.

வந்த வாயு குளோரின். காத்தை விடக் கனம், தரையோட தங்கும். குனிஞ்சு தேய்க்கிறவர் மூஞ்சி இருக்கிற உயரம் அதுதான். நல்லாயிட்ட மாதிரி இருந்தாலும் பல மணி நேரம் கழிச்சு நுரையீரலில் நீர் கோக்கும். அதனால் இருமல் நின்னாலும் ஆஸ்பத்திரியில் வெச்சுப் பார்க்கணும், நடக்கக்கூட விடக்கூடாது. இவ்வளவும் பாடம் 4, மூணாவது பக்கம். நான் எழுதினது. சிவப்பு எழுத்து.

உள்ளே போனேன். மூஞ்சியில் ஆக்சிஜன் மாஸ்க். மகள் ரேவதி மருந்து வாங்கக் கீழே போயிருந்தது. அஞ்சலை என்னைப் பார்த்ததும் மாஸ்க்கை விலக்கப் பார்த்துச்சு, வேண்டாம் என்றேன். விலக்கிடுச்சு.

"நாளைக்குச் சொல்றேன்னீங்க சார். நான்தான் அதுக்குள்ள அவசரப்பட்டுட்டேன்."

சிரிக்க முயற்சி பண்ணி இருமல் வந்துச்சு. நர்ஸ் என்னை வெளியில் போகச் சொல்லிட்டார்.

மன்னிப்பு கேட்கிற தொனி அதுக்கு.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு ஆள் ஃபோனில் காமெடி சத்தமா வெச்சுக் கேட்டார். சண்டை போட்டேன். தேவையே இல்லாத சண்டை.

23-9, செவ்வாய்.

மேகம் இல்லை. வெயில்.

அஞ்சலை ஐ.சி.யு.வில். குழாய் போட்டாச்சு. டாக்டர் பொறுமையா விளக்கினார். அவர் சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்கு மீதி தெரியும். தெரிஞ்சு என்ன.

கோ-ஆர்டினேட்டர் நாலு தடவை ஃபோன். விசாரணை வருதாம். வெள்ளி காலை 11. பயிற்சி கொடுத்த ஆள் என்ற முறையில் நானும் எழுதிக் கொடுக்கணும். "தாள்ல என்ன இருக்கோ அதைச் சொல்லு. கூட ஒண்ணும் சொல்லாத." ஒப்பந்தக்காரர் தரப்பு வருகைத் தாளையும் மதிப்பெண்ணையும் கேட்டு வாங்கிட்டாங்களாம். ஏன் கொடுத்தீங்க என்றேன். "கேட்டாங்க, குடுத்தோம். நல்லதுதானே, நாம சொல்லிக் குடுத்திருக்கோம்னு ஆகுது."

அவர் பேசினதை அப்படியே வரிசையாப் போட்டால்:

தாள்படி பயிற்சி நடந்தது. பயிற்சி நடந்தால் அஞ்சலைக்குத் தெரியும். தெரிந்தே செய்தால் தவறு அஞ்சலையுடையது. தவறு அஞ்சலையுடையது என்றால் ஒப்பந்தக்காரருக்குப் பொறுப்பு இல்லை, வீட்டுக்கு இழப்பீடு இல்லை.

நாலு கட்டத்திலிருந்து அவ்வளவு தூரம் நேர்க்கோடு போகுது.

நடக்கவே இல்லைன்னு நான் சொன்னால்? அதையும் அவரே சொன்னார். மாவட்டம் முழுக்க நிறுவனத்துக்கு இருக்கிற பயிற்சி ஒப்பந்தம் போகும். என்னோட சேர்த்துப் பதினோரு பேர் வேலை. எனக்கு இந்தத் துறையில் இனி யாரும் சான்றிதழ் தர மாட்டாங்க. மிரட்டலை, கெஞ்சினார். அதுதான் கஷ்டமா இருந்தது. அவருக்கும் போன மாசம்தான் குழந்தை பிறந்திருக்கு.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் சார் டீக்கடையில்: "எனக்கு ஜனவரியில ரிட்டையர்மென்ட் தம்பி." அது மட்டும்தான் சொன்னார். டீயைப் பாதியில் வெச்சிட்டார். முப்பது வருஷத்தில் எத்தனை தாளில் இப்படி வாங்கியிருப்பார். எத்தனை தாள் யாரும் திரும்பப் பார்க்காமலே போயிருக்கும்.

ஷேவ் பண்ணலை. ரூம் சாவி காணாமல் போய் வண்டி டேங்க் கவரில் கிடைச்சது.

24-9, புதன்.

காலை 5.50. அஞ்சலை இறந்தார். வயசு 44.

மல்லிகா ஃபோனில் சொன்னது. "போயிடுச்சு சார்." ஃபோனை வைக்கலை. பின்னால் ஆஸ்பத்திரி மைக்கில் யாரோ பேரை மாத்தி மாத்திக் கூப்பிடறாங்க.

போஸ்ட்மார்ட்டம். மாலை வரைக்கும் மார்ச்சுவரி வெளியில். வேலை ஒண்ணும் இல்லை எனக்கு அங்கே. ஆனாலும் நின்னேன். அவங்க ஆட்களுக்குத் தண்ணி பாட்டில் வாங்கிக் கொடுத்தேன், பன்னெண்டு. ஒரு பெரியவர் என்னை யாரென்று கேட்டார். கிளாஸ் எடுத்தவர் என்று மல்லிகா சொல்லுச்சு. அவர் எழுந்து நின்னு கும்பிட்டார்.

சாப்பிடலை. பசிச்சது, ஆனா சாப்பிடலை.

25-9, வியாழன். மாலை 5.30.

ஒரு வாரம் முன்னால் இதே நேரம் மாவு புளிச்சுப் போச்சுன்னு எழுதியிருக்கேன்.

காலையில் எடுத்தாங்க. சங்கராபரணி ஆத்தங்கரை. பறைக்காரர்களே சொந்தக்காரங்க, அழுதுக்கிட்டே அடிச்சாங்க. கூட வேலை பார்த்தவங்க எல்லாரும் யூனிஃபார்ம் கோட்டோட. மாத்திக்கிட்டு வர நேரமில்லை, ஏழு மணிக்குக் குப்பை எடுத்து முடிச்சிட்டு நேரா வந்திருக்காங்க. ஹெல்த் இன்ஸ்பெக்டர் சார் மாலை வாங்கி வந்தார். கிட்டே போகாமல் வேப்பமரத்தடியிலேயே ரொம்ப நேரம் நின்னார். அப்புறம் என் கையில் கொடுத்து, நீ போட்டுடு என்றார். போட்டேன்.

முடிஞ்சு வீட்டில். ரெண்டு அறை, ஷீட் கூரை. ரேவதி, வயசு 21, திண்டிவனத்தில் ஜவுளிக்கடை பில்லிங். அப்பா இல்லை, சின்ன வயசிலேயே. இனி யாருமே இல்லை. அழலை அது. என்கிட்ட ஒரு ஜெராக்ஸை நீட்டுச்சு. காலையில் சூப்பர்வைசர் கொண்டு வந்து கொடுத்திருக்கார். வருகைத் தாள். அடியில் மதிப்பெண் பட்டியல். அஞ்சலை, பத்துக்கு எட்டு.

"இது அம்மா கையெழுத்துதான் சார். 'லை' எப்பவும் இப்டித்தான் கீழ இறக்கிப் போடுவாங்க. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

நாலு கட்டத்திலும் நாலு 'லை'. நாலாவது கொஞ்சம் அவசரம். பின்னால் ஆள் நின்னுருப்பாங்க.

"நீங்க நல்லாத்தானே சார் சொல்லிக் குடுத்தீங்க. எட்டு மார்க் வாங்கிருக்காங்களே. தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சே எதுக்கு சார் கதவச் சாத்திக்கிட்டாங்க? என்னைப் பத்தி நெனைக்கவே இல்லியா?"

பின்னால் உக்காந்திருந்த மாமன்காரர், தெரிஞ்சு பண்ணிச்சுன்னா வேற இன்னா அர்த்தம், விதிதான் என்றார். வேற ஏதோ சொல்ல வந்து அங்கே நிறுத்திக்கிட்டார். ரேவதி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை. காலையிலேருந்து அந்த வீட்டில் அந்தப் பேச்சு ஓடியிருக்கு. சாகணும்னே செஞ்சுக்கிச்சோ என்று. அந்த ஜெராக்ஸால்.

மல்லிகா என்னைப் பார்த்துச்சு. ஞாபகம் இருக்கு அதுக்கு. காது, நெஞ்சு என்று கிண்டல் பண்ணினதே அதுதான். வாயைத் திறக்கலை. அதுவும் அதே ஒப்பந்தக்காரரிடம்தான் நாளைக்கு வேலைக்குப் போகணும்.

நான் ரேவதியிடம், சாப்டீங்களா என்றேன். வாயில் வந்தது அதுதான். இல்லை என்று தலையாட்டிச்சு. கிளம்பி வந்துட்டேன்.

வர்ற வழி பூராவும் கணக்குப் போட்டேன். கேள்வி கேட்டது 12.40. சாப்பாடு 1 மணி. "ரெண்டையும் கலக்காதீங்க, கலந்துட்டா வெளியில ஓடிடுங்க, உடனே ஆஸ்பத்திரி." சொல்லிப் பார்த்தேன், வாட்ச்சை வெச்சு. பத்து செகண்ட் ஆகலை. இதுக்கு பாடம் 1, 2, 3 எதுவும் புரிஞ்சிருக்கத் தேவையில்லை.

கோ-ஆர்டினேட்டர் ஃபோன் ரெண்டு தடவை. எடுக்கலை. வெள்ளைத் தாள் வாங்கி வந்திருக்கேன்.

இனி செய்ய வேண்டியவை:

1. நாளை 11 மணி. எழுதிக் கொடுப்பது: 19ஆம் தேதி வகுப்பு நடக்கவில்லை. ரசாயனப் பாடம் யாருக்கும் எடுக்கப்படவில்லை. நாலு கையெழுத்தும் 18ஆம் தேதி காலை டீக்கு முன்னால் வாங்கியவை.

2. மதிப்பெண் நான் போட்டது. 34 பேருக்கும். வீட்டில் உக்காந்து. முடிவுத் தேர்வே கிடையாது.

3. அஞ்சலை கேட்ட கேள்வி, அவர் வார்த்தையிலேயே. என் பதிலும், என் வார்த்தையிலேயே. நல்லா தெரியற மாதிரி திருத்தி எழுதக்கூடாது.

4. ஹெல்த் இன்ஸ்பெக்டர் சார். கையெழுத்து வாங்கினது அவர்தான் என்று எழுதாமல் முடியாது. தடுக்காதது நான் என்பதையும் அதே வரியில் எழுதணும். எழுதப் போறேன்னு அவரிடம் காலையிலேயே சொல்லிடணும். அவர் விசாரணையில கேட்டுத் தெரிஞ்சுக்கக் கூடாது.

5. கோ-ஆர்டினேட்டருக்கு ஒரு மெசேஜ், 10.30க்கு மேல். அதுக்கு முன்னால் அனுப்பினால் என் மனசை மாத்திடுவார். எனக்கு என்னைத் தெரியும். ராஜினாமா நானா எழுத வேண்டாம், அவங்களே அனுப்பட்டும்.

6. திடலில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் பாடம் 4. அடுத்த அமாவாசைக்கு முன்னால். புரொஜெக்டர் வேண்டாம். கழிவறை வாசலில் நின்னு, ஒரு ஆசிட் பாட்டில், ஒரு பிளீச்சிங் மூட்டை, ரெண்டையும் தள்ளித் தள்ளி வெச்சு. தாள் எடுத்துப் போகக்கூடாது. மல்லிகாவை டாக்டரிடம் கூட்டிப் போறது, அது மாட்டேன்னாலும்.

7. ரேவதி. ஃபோன்ல வேண்டாம், நேர்ல. அவங்க அம்மாவுக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கத்தான் கை தூக்கினாங்க, சொல்லாதது நான். மாமன்காரர் இருக்கும்போதே, அவர் காதில் விழற மாதிரி. காலை ஏழு மணி. இதைத்தான் ஒண்ணுன்னு போட்டிருக்கணும்.